பேரனையே கல்யாணம் செய்துகொண்ட 'பாட்டி'! - பிரிட்டனைச் சிரிக்கவைத்த மீரா சயால் கதை

தலைப்பைப் பார்த்துப் பதறாதீங்க. விஷயம் இதுதான்.

2001-ம் ஆண்டின் இறுதியில் பி.பி.சி-யில் 'தி குமார்ஸ் அட் நம்பர் 42' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. லண்டனின் வெம்ப்ளி பகுதியில் வசிக்கும் ஒரு இந்தியக் குடும்பம். அதில் நரைத்த தலை, பெரிய கண்ணாடி, சேலை என்று சோபாவில் உட்கார்ந்து எல்லோரையும் கலாய்க்கும் சுசீலா பாட்டியாக நடித்தவர் மீரா சயால். அந்தப் பாட்டியின் செல்லப் பேரனாக நடித்தவர் சஞ்சீவ் பாஸ்கர். அப்போது நிஜத்தில் பாட்டிக்கு வயது 40. பேரனுக்கு 38!

2005 ஜனவரியில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால், நிகழ்ச்சி 2006 வரை ஓடியது. அதாவது, வீட்டில் மனைவி, செட்டுக்குப் போனால் பாட்டி. இப்படி ஒரு தம்பதியை வேறெங்கே பார்க்க முடியும்?

இந்த ஒரு வரித் தகவலோடு மீராவைக் கடந்துபோக முடியாது. நடிகை, நாவலாசிரியர், திரைக்கதை எழுத்தாளர், மேடை நாடகக் கலைஞர் என்று பல முகம் அவருக்கு. நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் லண்டனில் இசையமைத்த மேடை மியூசிக்கல் 'பாம்பே ட்ரீம்ஸ்' ஞாபகம் இருக்கா? அதன் கதை வசனம் மீராவுடையது. அதற்குப் பிறகு வருவோம். முதலில், அவர் எங்கிருந்து கிளம்பினார் என்று பார்த்துவிடலாம்.

நிலக்கரி ஊரில் ஒரே ஓர் இந்தியக் குடும்பம்

மீரா பிறந்தது 1961-ல், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். டெல்லியிலிருந்து போன பஞ்சாபிப் பெற்றோர். வளர்ந்தது எஸிங்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம். ஊர் முழுக்க வெள்ளைக்காரர்கள், இவர்கள் மட்டும்தான் இந்தியர்கள்.

அந்தக் காலத்து பிரிட்டன் எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்க. 1968-ல் ஈனாக் பவல் என்ற எம்.பி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு பேச்சு நாட்டையே பற்றவைத்தது. அவர் எந்த ஊர் எம்.பி தெரியுமா? வுல்வர்ஹாம்ப்டன்! மீராவின் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். அப்போது மீராவுக்கு ஏழு வயதுகூட முடியவில்லை.

வாசலுக்கு வெளியே ஓர் உலகம், உள்ளே இன்னோர் உலகம். வெளியே அந்த ஊர்ப் பிள்ளைகளின் கொச்சையான இங்கிலீஷ். உள்ளே பஞ்சாபி, பருப்பு வாசனை, வார இறுதியானால் தூரத்திலிருந்து வந்து குவியும் 'ஆன்ட்டி, அங்கிள்' கூட்டம். ரெண்டு பக்கத்துப் பேச்சையும் அப்படியே பேசிக் காட்ட வரும் அந்தப் பெண்ணுக்கு. பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது இந்தத் திறமைதான்.

இந்தக் குழந்தைப் பருவத்தையே கொஞ்சம் மாற்றி 1996-ல் 'அனிதா அண்டு மீ' என்ற நாவலாக எழுதினார். மீனா என்ற இந்தியச் சிறுமிக்கும் அனிதா என்ற ஊர்க்காரப் பெண்ணுக்கும் இடையிலான நட்பு. மீனாவுக்கு அனிதா மாதிரி ஆக வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால், அந்தத் தோழியின் கூட்டத்துக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்று ஒருநாள் தெரியவருகிறது. சிரித்துக்கொண்டே படித்துவருகிற நமக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். பிரிட்டன் பள்ளிகளில் பாடமாகவே வைக்கப்பட்ட நாவல் இது. 2002-ல் படமாக வந்தபோது, அதில் ஷைலா ஆன்ட்டியாக மீராவே நடித்தார்.

வேஷம் தரலையா? நானே எழுதிக்கிறேன்!

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நாடகமும் படித்தார். இரண்டிலும் முதல் வகுப்பு. படிப்பில் பிரச்னை இல்லை. அதற்கப்புறம்தான் பிரச்னை.

1980-களின் தொடக்கத்தில், பிரிட்டனில் ஓர் இந்திய முகத்துக்கு என்ன வேஷம் கிடைக்கும்? கடைக்காரர், டாக்டர், கட்டாயக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு அழும் பெண். அவ்வளவுதான். காமெடி என்றால் இன்னும் மோசம். யூடியூபில் நீங்க 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பார்த்திருப்பீங்க. 1977-ல் வந்த தொடர், நம் ஊர்களிலும் அதற்கு ரசிகர்கள் உண்டு. இங்கிலீஷ் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா ஞாபகம் இருக்கா? நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் 'ஏய் ஜமீலா' என்று கூப்பிடப்படும் பெண்ணின் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசக்கும்.

மீரா காத்திருக்கவில்லை. மாணவியாக இருந்தபோதே தோழியுடன் சேர்ந்து 'ஒன் ஆஃப் அஸ்' என்ற நாடகத்தை எழுதினார். நடிகையாக ஆசைப்படும் ஓர் இந்தியப் பெண்ணின் கதை. எல்லா பாத்திரங்களையும் மேடையில் தனியாளாக நடித்தது மீரா. எடின்பரோ நாடக விழாவுக்குப் போய், பரிசும் வாங்கியது. அதைப் பார்த்துத்தான் லண்டனின் புகழ்பெற்ற ராயல் கோர்ட் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. மேற்படிப்புக்குப் போக வேண்டியவர், நடிகையாகிவிட்டார்.

அங்கிருந்து அவருடைய ரூட் இதுதான். ஒரு கையில் நடிப்பு, இன்னொரு கையில் பேனா. 1993-ல் வந்த 'பாஜி ஆன் தி பீச்' படத்தின் திரைக்கதை அவருடையது. இயக்கம், பின்னாளில் 'பெண்ட் இட் லைக் பெக்கம்' எடுத்த குரிந்தர் சதா. வெவ்வேறு வயதில் உள்ள இந்தியப் பெண்கள் ஒரு வேனில் ஏறி பிளாக்பூல் கடற்கரைக்கு ஒருநாள் டூர் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால், அந்த வேனுக்குள் அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வந்தவள் இருக்கிறாள், கறுப்பினக் காதலனால் கர்ப்பமான மருத்துவ மாணவி இருக்கிறாள், இவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் மூத்த ஆன்ட்டிகளும் இருக்கிறார்கள். 'நம்ம வீட்டு அழுக்கை ஏன் ஊருக்குக் காட்டணும்?' என்ற முணுமுணுப்பு சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது. நம்மைப் பற்றி நாமே ஜோக் அடித்தால் வெள்ளைக்காரன் சிரிக்க இன்னொரு சாக்கு கிடைக்காதா என்ற பயமும் அதில் இருந்தது. நியாயமான பயம்தான், இல்லையா?

அந்தப் பயத்துக்கான பதில் அஞ்சு வருடம் கழித்து டி.வி-யில் வந்தது.

திருப்பி அடித்த ஜோக்

'குட்னெஸ் கிரேஷியஸ் மீ'. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. 1960-ல் 'தி மில்லியனரெஸ்' என்ற படத்தில் பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்திய டாக்டராக நடித்தார். ஜோடி சோஃபியா லோரன். அந்தப் படத்தை விளம்பரப்படுத்த இருவரும் சேர்ந்து பாடிய பாட்டுதான் 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ'. பாட்டு செம ஹிட். அதிலிருந்து பல வருடங்களுக்கு, இந்தியர்களைக் கிண்டல் செய்ய அந்த இழுவை உச்சரிப்பு பிரிட்டனில் வசதியாக இருந்தது.

அந்தக் கிண்டலையே பிடுங்கி, தங்கள் நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள் மீரா, சஞ்சீவ் பாஸ்கர், குல்விந்தர் கீர், நினா வாடியா என்ற நால்வர் கூட்டணி. 1996-ல் பி.பி.சி ரேடியோவில் ஆரம்பம். 1998-ல் டி.வி-க்குத் தாவியது. டைட்டில் இசையும் அதே பழைய பாட்டுதான், பாங்ரா அடியில்!

இதில் வந்த மிகப் பிரபலமான ஸ்கெட்ச் 'கோயிங் ஃபார் அன் இங்கிலீஷ்'. இது புரிய ஒரு பின்னணி வேணும். பிரிட்டனில் வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு, 'வா, ஒரு இந்தியன் போலாம்' என்று இந்திய ஹோட்டலுக்குள் கும்பலாக நுழைவது அங்கே ஒரு பழக்கம். வெயிட்டரின் பெயரைக் கொலை செய்வது, 'உங்ககிட்ட இருக்கிறதிலேயே காரமான ஐட்டம் கொண்டு வா' என்று வீரம் காட்டுவது, சத்தம் போடுவது எல்லாம் சகஜம். எத்தனையோ இந்திய, வங்கதேசக் குடும்பங்கள் இதைச் சகித்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்தின.

ஸ்கெட்ச்சில் இது அப்படியே தலைகீழ். இடம் மும்பை. மீரா உட்பட இந்தியர்கள் கும்பலாக ஓர் 'இங்கிலீஷ்' ஹோட்டலுக்குள் அலம்பல் செய்தபடி நுழைகிறார்கள். வெள்ளைக்கார வெயிட்டரின் பெயரைத் தப்பும் தவறுமாக இழுக்கிறார்கள். மெனுவிலேயே காரம் இல்லாத, சப்பென்ற ஐட்டம் எது என்று கேட்டு ஒருத்தருக்கொருத்தர் சவால் விடுகிறார்கள். ரொட்டி, அப்பளம் ஆர்டர் செய்கிற மாதிரி சிப்ஸ் தட்டுகளை டஜன் கணக்கில் ஆர்டர் செய்கிறார்கள். 

ஒருத்தரையும் திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார்கள், அவ்வளவுதான். அதில் தன்னைப் பார்த்த வெள்ளைக்காரரும் சிரித்தார். இந்திய வெயிட்டரின் மகனும் சிரித்தார். ஒரே ஜோக்கில் இருவரையும் சிரிக்கவைப்பது சாதாரண விஷயம் இல்லை.

சொந்த ஆட்களையும் சும்மா விடவில்லை. மீராவும் நினாவும் வரும் 'போட்டி அம்மாக்கள்' வரிசையைப் பாருங்க. 'என் பையன் வாங்கின வீடு', 'என் பையன் ஓட்டுற கார்' என்று ரெண்டு அம்மாக்கள் பெருமை பேசிக்கொண்டே போவார்கள். கல்யாண மண்டபத்தில் நீங்க கேட்காததா? ஆனால், இவர்களின் பேச்சு கடைசியில் எங்கே போய் முடியும் என்பதை இங்கே எழுத முடியாது. நீங்களே பார்த்துக்கோங்க!

இன்னொரு கேரக்டர், 'ஸ்மிதா ஸ்மிட்டன், ஷோபிஸ் கிட்டன்'. சினிமா நட்சத்திரங்களைத் துரத்தும் கிசுகிசு ரிப்போர்ட்டர். மீராவின் உடல்மொழியும் குரலும் அதில் வேற லெவல். 2001 வரை ஓடிய இந்த நிகழ்ச்சியிலிருந்து 'சட்டீஸ்' என்ற சொல் பிரிட்டன் பள்ளிக்கூடங்கள் வரை பரவி, 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. அர்த்தம்? நம்ம 'ஜட்டி'தான்!

சோபா பாட்டி

இப்போ 'குமார்ஸ்' வீட்டுக்கு வருவோம். ஐடியாவே அலாதி. மகன் சஞ்சீவுக்கு டி.வி தொகுப்பாளர் ஆகணும் என்று ஆசை. பாசக்காரப் பெற்றோர் வீட்டுத் தோட்டத்தை இடித்து, அங்கேயே ஸ்டூடியோ கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். நிஜமான சினிமா, டி.வி பிரபலங்கள் விருந்தினராக வருவார்கள். மகன் சீரியஸாகப் பேட்டி எடுக்கப் பார்ப்பார். நடுவில் புகுந்து அப்பா காசுக் கணக்கு பேசுவார், அம்மா மகனுக்குப் பெண் தேடுவார். பாட்டி? வந்த ஆண் விருந்தினரைப் பார்த்து ஜொள்ளு விடுவார்!

குடும்பத்தினரின் கேள்விகள் எழுதி வைக்கப்பட்டவை. விருந்தினரின் பதில் அந்த நிமிடத்தில் வருவது. அதனால், எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் பாட்டியாகவே பதிலடி கொடுக்கணும். 40 வயதில் 80 வயதுக்காரியின் குரல், நடுக்கம், நக்கல் எல்லாவற்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் மின்னல் வேகத்தில் யோசிக்கவும் வேண்டும். மீராவின் நடிப்பில் என்னைப் பொறுத்தவரை இதுதான் உச்சம்.

கவனிச்சீங்களா... திரையில் நமக்குத் தெரிந்த பாட்டிகள் ஒன்று சாமி கும்பிடுவார்கள், இல்லை இருமிக்கொண்டே சாவார்கள். சுசீலாவுக்கு ஆசை இருக்கு, திமிர் இருக்கு, பழைய காதல் கதைகள் இருக்கு. வயதான பெண்ணை ஜோக்காக்காமல், ஜோக் அடிப்பவராக்கியதுதான் மீரா செய்த வேலை. நிகழ்ச்சிக்கு சர்வதேச எம்மி விருது கிடைத்தது. 2003-ல் கேரத் கேட்ஸ் என்ற பாடகரோடு குமார்ஸ் குடும்பம் சேர்ந்து நிதி திரட்டுவதற்காகப் பாடிய 'ஸ்பிரிட் இன் தி ஸ்கை' பாட்டு, பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்துக்கே போனது.

ரஹ்மானோடு ஒரு கனவு

ஸ்லம்டாக் ஆஸ்கருக்கெல்லாம் முன்பே, 2002 ஜூனில், லண்டனின் அப்போலோ விக்டோரியா தியேட்டரில் 'பாம்பே ட்ரீம்ஸ்' அரங்கேறியது. தயாரிப்பு, மியூசிக்கல் உலகின் பெரிய தலை ஆண்ட்ரூ லாயிட் வெபர். இசை ரஹ்மான். பாடல் வரிகள் டான் பிளாக். கதை வசனம் மீரா சயால். குடிசைப் பகுதியில் வளர்ந்த ஆகாஷ் சினிமா ஹீரோ ஆக ஆசைப்படுகிறான். ஒரு இயக்குநரின் மகள்மேல் காதல். நடுவில் ஒரு நட்சத்திர நடிகை, அவன்மேல் அன்பு வைத்திருக்கும் ஒரு திருநங்கைத் தோழி.

நம்ம ஆட்களுக்கு இதில் ரெண்டு குட்டி சந்தோஷங்கள். ஒன்று, 'முதல்வன்' படத்து 'ஷக்கலக்க பேபி' லண்டன் மேடை ஏறியது. ரெண்டு, நட்சத்திர நடிகை வேஷத்தில் ஆடியவர் ஆயிஷா தர்க்கர். சந்தோஷ் சிவன் தமிழில் எடுத்த 'தி டெரரிஸ்ட்' படத்தின் நாயகி! பிறகு மீராவின் இன்னொரு நாவலான 'லைஃப் இஸன்ட் ஆல் ஹா ஹா ஹீ ஹீ' 2005-ல் டி.வி தொடரானபோது, அதில் மீராவோடும் நடித்தார்.

உண்மையைச் சொல்லணும்னா, விமர்சகர்கள் 'பாம்பே ட்ரீம்ஸ்' இசையைக் கொண்டாடிய அளவுக்குக் கதையைக் கொண்டாடவில்லை. நமக்கும் அது பத்து படத்தில் பார்த்த கதைதான். ஆனாலும், வெஸ்ட் எண்டில் சுமார் இரண்டு வருடம் ஓடியது. மேடையில் ஆடியவர்களில் பெரும்பாலானோர் தெற்காசிய முகங்கள். அதற்கு முன்பு அந்த முகங்களுக்கு அங்கே இத்தனை பெரிய மேடை கிடைத்ததில்லை. 2004-ல் நியூயார்க்கின் பிராட்வேக்கும் போனது. அங்கே ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

சுவரோடு பேசியவர்

காமெடி நடிகைகளுக்கு எல்லா ஊரிலும் ஒரு சாபம் இருக்கு. 'அவங்க சிரிக்கவைப்பாங்க, மத்ததெல்லாம் முடியாது' என்று முத்திரை குத்திவிடுவார்கள். மீரா அதை மேடையில் உடைத்தார்.

2010-ல் 'ஷெர்லி வேலன்டைன்'. வில்லி ரஸல் எழுதிய தனிநபர் நாடகம். லிவர்பூலில் ஒரு நடுத்தர வயது இல்லத்தரசி, கேட்க ஆளில்லாமல் சமையலறைச் சுவரோடு பேசுகிறாள். பேசிக்கொண்டே மேடையில் முட்டையும் சிப்ஸும் பொரிப்பாள். அதுவரை வெள்ளைக்கார நடிகைகளின் வேஷமாகவே அறியப்பட்ட பாத்திரம் அது. மீரா அதை எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் தனியாளாக மேடையைத் தாங்கினார். அது ஓர் இந்தியப் பெண்ணின் கதையாக மாற்றப்படவில்லை. ஷெர்லி ஷெர்லியாகவே இருந்தாள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

2012-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 'மச் அடோ அபவுட் நத்திங்'. இன்றைய டெல்லியில் நடப்பதாக மாற்றப்பட்ட அந்த நாடகத்தில் வாயாடி பியாட்ரிஸ் அவர்தான். 2014-ல் நேஷனல் தியேட்டரில், மும்பை விமான நிலையத்தை ஒட்டிய குடிசைப் பகுதி மக்களைப் பற்றிய 'பிஹைண்ட் தி பியூட்டிஃபுல் ஃபாரெவர்ஸ்'. குப்பை பொறுக்கி விற்கும் குடும்பத்தின் தாயாக நடித்தார். 2016-ல் லில்லி ஜேம்ஸ் ஜூலியட்டாக நடித்த 'ரோமியோ ஜூலியட்'டில் செவிலித்தாய்.

இதற்கு நடுவில் நீங்க அவரைத் திரையில் பார்த்துவிட்டு, யாரென்று தெரியாமல் கடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மார்வெலின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் சின்ன வேஷம். பீட்டில்ஸ் பாடல்களை உலகமே மறந்துபோகும் 'யெஸ்டர்டே' படத்தில் ஹீரோவின் அம்மா. அப்பாவாக நடித்தது யார்? சஞ்சீவ் பாஸ்கரேதான். பேரன் கணவராகி, ஒருவழியாகத் திரையிலும் கணவராகிவிட்டார்! அமேசான் ப்ரைமின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் வெரின் என்ற மந்திரசக்தி கொண்ட பெண்ணாகவும் வருவார்.

2023 மே மாதம், பிரிட்டிஷ் டி.வி உலகின் மிக உயரிய கௌரவமான பாஃப்டா ஃபெலோஷிப் அவருக்கு வழங்கப்பட்டது. 

அதோடு ஓய்வெடுத்தாரா என்றால், இல்லை. 2024-ல் நேஷனல் தியேட்டரில் தனிகா குப்தாவின் 'எ டப்பர்வேர் ஆஃப் ஆஷஸ்'. குயீனி என்ற வங்காளிப் பெண், லண்டனில் மிஷெலின் ஸ்டார் வாங்கிய ஹோட்டல்காரி. அல்சைமர் நோய் அவருடைய நினைவுகளை ஒவ்வொன்றாகத் தின்கிறது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். 63 வயதில் மீரா ஏற்ற வேஷம் இது. சுசீலா பாட்டிக்கு விக் தேவைப்பட்டது. குயீனிக்கு அந்த அளவு மேக்கப் வேண்டியிருக்கவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

இன்னிக்கு ராத்திரி சில நிமிஷம் இருந்தால், யூடியூபில் 'கோயிங் ஃபார் அன் இங்கிலீஷ்' என்று தேடுங்க. பிடித்திருந்தால் போட்டி அம்மாக்களைப் பாருங்க, ஹெட்போன் போட்டுக்கிட்டா நல்லது. வார இறுதியில் 'பாஜி ஆன் தி பீச்'. படிக்கிற பழக்கம் இருந்தால் 'அனிதா அண்டு மீ'. இங்கிலீஷ் கஷ்டமில்லை, நடுவில் வரும் அந்த ஊர்க் கொச்சைதான் முதல் சில பக்கங்களுக்குக் கொஞ்சம் படுத்தும். சிறுமி மீனாவே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டு போவாள், அவள் பின்னாடியே போயிடுங்க.